வெக்கையைத் தடுக்கும் யன்னல் கண்ணாடி: யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவோருக்கு

"டபுள் கிளாஸ் போட்டால் வெக்கை வராது" என்ற பேச்சு இப்போது புது வீடு கட்டுகிற எல்லா இடத்திலும் கேட்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர் வீடுகளில் இரட்டைக் கண்ணாடியைக் கண்டவர்கள் அதையே இங்கும் கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. ஆனால் அந்த நாடுகளில் கண்ணாடி செய்கிற வேலை வேறு, யாழ்ப்பாணத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு. அங்கே வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போகாமல் காக்க வேண்டும், வரும் வெயிலையும் உள்ளே எடுக்க வேண்டும். இங்கே அந்த வெயிலைத்தான் வாசலிலேயே மறிக்க வேண்டும். இது விளங்காமல் காசைக் கொட்டி, மூன்றடுக்குக் கண்ணாடி போட்டும் பின்னேரம் அறைக்குள் இருக்க முடியாமற் போகும்.

முதலில் ஒரு கணக்கு

மேற்குச் சுவரில் நாலடிக்கு நாலடி யன்னல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பரப்பு 16 சதுர அடி, கிட்டத்தட்ட ஒன்றரைச் சதுர மீற்றர். நல்ல வெயில் நாளில் பின்னேரம் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீற்றருக்கு 600 வாற்று அளவில் வெயில் விழும். வெளியே 34 பாகை, ஏசி போட்ட அறைக்குள் 25 பாகை.

6 மில்லிமீற்றர் சாதாரணத் தெளிந்த கண்ணாடி ஒன்று மட்டும் இருந்தால், வெயிலாக உள்ளே வருவது ஏறக்குறைய 730 வாற்று. வெளிக்காற்றின் சூடு கண்ணாடி வழியே கடந்து வருவது 75 வாற்று அளவுதான். மொத்தம் 800 வாற்றுக்குச் சற்று மேல். 12,000 பீ.ரி.யு. ஏசி ஒன்று வெளியேற்றக் கூடியது 3,500 வாற்று. அதில் காற்பங்குக்குக் கிட்ட இந்த ஒரு யன்னலே தின்றுவிடும்.

அதே இடத்தில் தெளிந்த கண்ணாடி இரண்டை 12 மில்லிமீற்றர் இடைவெளியுடன் போட்டால் 660 வாற்று வரும். கடந்து வரும் 75 பாதியாகக் குறையும், ஆனால் வெயிலாக வரும் பெரிய பங்கு இன்னும் 600க்கு மேல் நிற்கும். இரட்டைக் கண்ணாடிக்கு இருமடங்குக்கு மேல் செலவழித்தும் வெக்கையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. வெயிலைக் கட்டுப்படுத்தும் லோ-ஈ பூச்சு (வெப்பக்கதிரைத் திருப்பியடிக்கும் மிக மெல்லிய படை) உள்ள நல்ல இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் 270 வாற்று. இங்கே வேலை செய்வது பூச்சு. இரண்டாவது கண்ணாடி பெரும்பாலும் அந்தப் பூச்சைக் காப்பாற்றத்தான் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். சாதாரண ஒற்றைக் கண்ணாடியே இருக்கட்டும், யன்னலுக்கு வெளியே கிடுகுத் தட்டியோ அடர்ந்த பந்தலோ வெயிலில் ஐந்தில் நாலு பங்கை மறித்தால் உள்ளே வருவது 220 வாற்று. விலை கூடிய கண்ணாடியை விடக் குறைவு! ஆகவே கண்ணாடிக் கடைக்குப் போக முன்பு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடக்க வேண்டும்.

எந்த யன்னலுக்கு உண்மையில் தேவை

ஒரு தாளில் வீட்டு வரைபடத்தைக் கீறி, போனில் உள்ள திசைகாட்டியால் ஒவ்வொரு சுவரின் திசையையும் எழுதுங்கள். வீதிக்கு நேராக நின்று "இது கிழக்குத்தானே" என்று சொல்வது பலமுறை 20, 30 பாகை பிழைத்துப் போகும். பிறகு ஒவ்வொரு யன்னலிலும் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நேர் வெயில் படுகிறது, எதிரே மரமோ மதிலோ மறிக்கிறதா என்று குறியுங்கள்.

யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9 பாகை 40 கலையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாலரை மாதமும் அது வடக்கே சாய்ந்து போகும். அதனால் இங்கே வடக்கு யன்னலுக்கும் வைகாசி, ஆனியில் வெயில் உண்டு. ஆனால் மத்தியான வெயில் மிகவும் செங்குத்தாக வருவதால் ஓரடிச் சன்ஷேட் நாலடி யன்னலை மூடிவிடும். காலையிலும் பின்னேரமும் சுவரை உரசி வரும் வெயிலுக்குப் பக்கத் தடுப்பு ஒன்று போதும். தெற்குப் பக்கத்தில் டிசெம்பர் மத்தியான வெயில் 57 பாகை உயரத்தில் வரும். இரண்டடிச் சன்ஷேட் அதில் மூன்றடி வரை நிழல் தரும். அதுவும் மாரி மழையும் வாடைக்காற்றுமான காலம், அவ்வளவு தொல்லையில்லை.

தொல்லை கிழக்கிலும் மேற்கிலும்தான், அதிலும் மேற்கு. பின்னேரம் நாலு மணிச் சூரியன் 30 பாகை உயரத்தில் நிற்கும். இரண்டடிச் சன்ஷேட் போட்டாலும் யன்னலின் மேற்பகுதியில் ஓரடி சொச்சம்தான் நிழல். மிச்சம் முழுக்க வெயில். கிழக்கில் காலையில் இதே கணக்குத்தான், ஆனால் அந்நேரம் வீடு இரவு முழுக்க ஆறியிருக்கும், காற்றும் குளிர்ந்திருக்கும்.

ஆகவே விலை கூடிய கண்ணாடிக்குத் தகுதியான யன்னல் இப்படியானது: மேற்கையோ கிழக்கையோ பார்க்க வேண்டும், வெளியே நிழல் போட இடமில்லாதிருக்க வேண்டும் (மாடி யன்னல், மதிலோடு ஒட்டிய சுவர், கடைமுகப்பு), அறைக்குள் பகலில் ஏசி ஓட வேண்டும். மூன்றும் பொருந்தினால் வாங்குங்கள். இரவில் மட்டும் ஏசி போடும் படுக்கையறை என்றால் பந்தல், தட்டி, வெளிப்புற உருட்டுத் திரை என்பவற்றுக்குக் காசைப் போடுவது நல்லது. ஏசியே இல்லாமல் யன்னலைத் திறந்து வைத்துப் புழங்கும் அறைக்கு இரட்டைக் கண்ணாடி வீண். திறந்த யன்னலில் கண்ணாடிக்கு வேலையில்லை.

உள்ளே போடும் திரைச்சீலையை வெளித் தட்டிக்கு ஈடாக எண்ண வேண்டாம். வெயில் கண்ணாடியைக் கடந்து வந்து சீலையைச் சூடாக்குகிறது. சூடான சீலை விடும் வெப்பக்கதிரைச் சாதாரணக் கண்ணாடி வெளியே விடாது. சூடு அறைக்குள்ளேயே நின்றுவிடும்.

இன்னொரு விடயம்: யன்னலுக்கு மேலே காற்றுப் போக விட்ட ஓட்டைகளும் பழைய லூவர் கண்ணாடிகளும் திறந்தபடி இருக்க, கீழே லோ-ஈ போட்ட அறைகள் உண்டு. ஏசி அறையென்றால் முதலில் அந்த ஓட்டைகளுக்கு மூடித் திறக்கும் கதவு போடுங்கள். நிரந்தரமாகச் சீமெந்தால் அடைக்காதீர்கள்.

மூன்று எண்கள்

கடையில் கேட்க வேண்டியவை மூன்று எண்கள்தான்.

எஸ்.எச்.ஜி.சி.: விழும் வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பது. 0 முதல் 1 வரை. தெளிந்த ஒற்றைக் கண்ணாடிக்கு 0.82 அளவு, தெளிந்த இரட்டைக்கு 0.70, நிறக் கண்ணாடி ஒற்றைக்கு 0.60 அளவு. நம் மேற்கு யன்னலுக்கு 0.30 அல்லது அதற்குக் கீழ் கேளுங்கள். ஐரோப்பியத் தாள்களில் இதே எண் "ஜி பெறுமதி" என்று இருக்கும். சில தாள்களில் "ஷேடிங் கோஎஃபிஷன்ட்" என்று வேறொன்று இருக்கும். அதை 0.87 ஆல் பெருக்கினால்தான் எஸ்.எச்.ஜி.சி. வரும். இரண்டையும் நேரே ஒப்பிட வேண்டாம்.

வி.எல்.ரி.: வெளிச்சத்தில் எத்தனை வீதம் உள்ளே வரும் என்பது. வெயிலின் சக்தியில் பாதியளவு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. நல்ல லோ-ஈ அதைத் திருப்பியடித்து, வெளிச்சத்தை விடும். அதனால் வெளிச்சம் 45 முதல் 55 வீதமும் எஸ்.எச்.ஜி.சி. 0.30க்குக் கீழும் ஒரே கண்ணாடியில் கிடைக்கும். இருண்ட நிறக் கண்ணாடியில் வெளிச்சம்தான் போகும், வெக்கை வரும். வி.எல்.ரி.யை நூறால் வகுத்து, எஸ்.எச்.ஜி.சி.யால் மீண்டும் வகுத்துப் பாருங்கள். விடை 1.25க்கு மேல் இருந்தால் தரமான பூச்சு. பகலிலும் லைற் போட வேண்டிய அறையாகிவிட்டால் மிச்சம் பிடித்த கரண்ட் அதிலேயே போய்விடும்.

யூ பெறுமதி: உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை ஒரு பாகை வித்தியாசப்படும்போது ஒரு சதுர மீற்றரால் எத்தனை வாற்று கடக்கும் என்பது. ஒற்றைக்கு 5.7, தெளிந்த இரட்டைக்கு 2.8, லோ-ஈ இரட்டைக்கு 1.6 முதல் 1.8. நமக்கு இது மூன்றாம் இடத்தில். இடைவெளியில் ஆர்கன் வாயு நிரப்பினால் 1.8 என்பது 1.5 அளவுக்கு இறங்கும். நம் 9 பாகை வித்தியாசத்தில் அது சதுர மீற்றருக்கு மூன்று வாற்றுக்கும் குறைவு. ஆர்கனுக்கும் மூன்றாவது அடுக்குக்கும் யாழ்ப்பாணத்தில் காசு கொடுக்கத் தேவையில்லை.

கொள்கலனில் கனடாவிலிருந்தோ பிரித்தானியாவிலிருந்தோ யன்னல்களை இறக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கனடாவின் "எனர்ஜி ரேட்டிங்" எண்ணும், பிரித்தானியாவின் ஏ, பி என்ற யன்னல் தரமும் வெயிலை உள்ளே எடுக்கும் யன்னலுக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கும் முறையில் கணக்கிடப்படுகின்றன. அங்கே முதல் தரம் வாங்கிய யன்னல் இங்கே அடுப்பாகலாம். தர எழுத்தை விட்டு, எஸ்.எச்.ஜி.சி. எண்ணைத் தேடுங்கள். யன்னல்களை அளந்து தரம் குறிக்கும் வட அமெரிக்க அமைப்பான என்.எஃப்.ஆர்.சி.யின் ஸ்ரிக்கரில் அது தனியாக அச்சிட்டிருக்கும். அதே ஸ்ரிக்கரின் யூ பெறுமதி அமெரிக்க அலகில் இருந்தால் 5.68 ஆல் பெருக்குங்கள். 0.30 என்பது நம் அளவில் 1.7.

பூச்சு எந்த முகத்தில்

இரட்டைக் கண்ணாடிக்கு நாலு முகம். வெளியே இருந்து எண்ணினால்: வீதியைப் பார்ப்பது 1, அதே கண்ணாடியின் உட்பக்கம் 2, இடைவெளிக்கு அப்பால் 3, அறையைப் பார்ப்பது 4. வெயிலைத் தடுக்கும் பூச்சு 2 ஆம் முகத்தில் இருக்க வேண்டும். அப்போது உறிஞ்சிய சூடு வெளிக்கண்ணாடியோடு நின்று காற்றில் போகும். குளிர் நாட்டு யன்னல்களில் பெரும்பாலும் 3 ஆம் முகத்தில் இருக்கும். பொருத்தும்போது கண்ணாடியைப் புறம் மாற்றி வைத்தாலும் 2 என்பது 3 ஆகிவிடும். சூடான கண்ணாடி அறைப்பக்கம் வந்துவிடும்.

இதைச் சோதிக்க ஒரு லைற்றர் போதும். வெளிப்பக்கமாக நின்று, சுடரைக் கண்ணாடிக்கு இரண்டு அங்குலம் அருகே பிடித்து, சற்றுச் சரிவாகப் பாருங்கள். நாலு சுடர் தெரியும், இரண்டிரண்டாக. மூன்று ஒரே மஞ்சளாக இருக்கும், ஒன்று மட்டும் ஊதாவோ பச்சையோ சிவப்போ கலந்து நிறம் மாறித் தெரியும். உங்களுக்குக் கிட்ட உள்ளதிலிருந்து எண்ணும்போது நிறம் மாறியது இரண்டாவதாக இருந்தால் சரி. நாலும் ஒரே நிறமென்றால் பூச்சே இல்லை என்று சந்தேகப்பட்டு, மாதிரித் துண்டோடு ஒப்பிட்டுக் கேள்வி கேளுங்கள். வெயிலிலன்றி அந்திப்பொழுதில் செய்தால் நன்றாகத் தெரியும்.

மென்பூச்சு லோ-ஈ காற்றுப் படக் கூடாதது. அதை ஒற்றைக் கண்ணாடியாக விற்க வந்தால் வாங்காதீர்கள். நம் உப்புக்காற்றில் அது விரைவில் புள்ளி விழுந்து போகும். கண்ணாடி ஊற்றும்போதே சுட்டு ஏற்றிய வன்பூச்சு வகை ஒற்றையாகப் போடக் கூடியது. வெப்பத்தை மறிப்பதில் மென்பூச்சை எட்டாது.

எழுத்தில் கொடுக்க வேண்டிய ஓடர்

வாயால் "நல்ல டபுள் கிளாஸ்" என்று சொன்னால் எதுவும் வரும். தாளில் இப்படி எழுதுங்கள்:

வெளிக்கண்ணாடி 6 மி.மீ. டெம்பர்ட் (சூடாக்கிப் பதப்படுத்தியது), 2 ஆம் முகத்தில் வெயில் கட்டுப்படுத்தும் மென்பூச்சு லோ-ஈ. இடைவெளி 12 மி.மீ., உலர்ந்த காற்று. உட்கண்ணாடி 5 அல்லது 6 மி.மீ. தெளிந்தது. முழு அலகின் (இரண்டு கண்ணாடியும் சேர்த்து ஒட்டிய தொகுதியின்) எஸ்.எச்.ஜி.சி. 0.30க்கு மேற்படாதது, வி.எல்.ரி. 45 வீதத்துக்குக் குறையாதது. ஓரத்தில் இரட்டைச் சீல்: உள்ளே பியூட்டைல், வெளியே பொலிசல்பைட் அல்லது சிலிக்கன். பூச்சின் ஓரம் நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

வெளிக்கண்ணாடி டெம்பர்ட் ஆக இருப்பதற்குக் காரணம் உண்டு. பூச்சுள்ள கண்ணாடி சூட்டை உறிஞ்சும். சன்ஷேட் நிழல் பாதியில் விழ, நடுப்பகுதி சூடாகி விரியும், நிழலிலும் சட்டத்துக்குள்ளும் இருக்கும் ஓரம் குளிர்ந்து நிற்கும். பதப்படுத்தாத கண்ணாடி அந்த இழுபறியில் வெடிக்கும். அப்படி வெடித்தால் கீறல் ஓரத்திலிருந்து செங்கோணமாகப் புறப்பட்டு, பிறகு வளைந்து போகும். கல் பட்டு உடைந்ததில் ஒரு புள்ளியிலிருந்து கதிர் கதிராகப் போகும். உத்தரவாதம் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வித்தியாசம் உதவும்.

கதவு, குளியலறை, தரையிலிருந்து இரண்டரை அடிக்குக் கீழே இறங்கும் கண்ணாடி என்பவற்றுக்கு இரண்டு அடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்கட்டும். கீழ்த்தளத்தில் கள்வர் பயம் இருந்தால் உட்கண்ணாடியை லமினேட்டட் (இடையே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய கண்ணாடி) ஆக்கலாம். கோயில் ஒலிபெருக்கி, ஜெனரேற்றர் சத்தம் குறையவும் அதுவே கை கொடுக்கும், வெறும் இரட்டைக் கண்ணாடியை விட.

ஓரம் நீக்குதல் என்பது பலர் கேட்காமல் விடும் விடயம். சீல் ஒட்டும் சுற்றோரத்தில் 10 மி.மீ. அளவு பூச்சைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் சீல் கண்ணாடியில் ஒட்டாமல் பூச்சில் ஒட்டும், ஈரம் ஓரத்தால் நுழைந்து பூச்சு உள்நோக்கி அரித்துக்கொண்டே போகும். குருநகரிலும் வல்வெட்டித்துறையிலும் கடலைப் பார்க்கும் வீட்டுக்கு இது உயிர்நாடி.

இரண்டு சாதாரணக் கண்ணாடியை நடுவே பட்டி வைத்து, சிலிக்கனால் ஒட்டி "டபுள்" என்று தருபவர்களும் இருக்கிறார்கள். சுற்றிவர உள்ள அலுமினியப் பட்டிக்குள் (இதுதான் ஸ்பேசர்) ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பியிருக்க வேண்டும். "அண்ணை, ஸ்பேசருக்குள்ள மணி போட்டிருக்கோ? என்ன சீல்?" என்று கேளுங்கள். செய்கிறவர் என்றால் ஒரு வெட்டுத் துண்டை எடுத்துக் காட்டுவார். மணியில்லாத அலகு முதல் மாரியிலேயே உள்ளே பனி படியும். உள்ளே படிந்ததைத் துடைக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சட்டம் தாங்குமா

கண்ணாடியை ஓடர் பண்ணிய பிறகு சட்டத்தைப் பார்ப்பவர்களுக்குத்தான் பெரிய நட்டம். 6+12+6 என்பது 24 மி.மீ. தடிப்பு. வழமையான சறுக்கு அலுமினிய யன்னல் சட்டங்கள் 5 முதல் 8 மி.மீ. ஒற்றைக் கண்ணாடிக்கே செய்யப்பட்டவை. அதில் இது போகாது. மரச் சட்டமென்றால் கண்ணாடி உட்காரும் தவாளிப்பு ஆழமாக வேண்டும், பீடிங் பட்டிக்கும் இடம் வேண்டும்.

எடையையும் போட்டுப் பாருங்கள். கண்ணாடி ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு 2.5 கிலோ. 6+6 என்றால் 30 கிலோ. நம் நாலடிக்கு நாலடி யன்னல் சட்டம் இல்லாமலே 45 கிலோ. உருளையும் பிணைச்சலும் அந்த எடைக்கு என்று குறிப்பிட்டவையாக இருக்க வேண்டும்.

அலுமினியம் நல்லது, வெப்பத்தடை வைத்த விலை கூடிய அலுமினியம் நம் 9 பாகைக்கு அவசியமில்லை. பவுடர் பூச்சு 60 மைக்ரோனுக்குக் குறையாதிருக்கட்டும், நிறம் வெளிறியதாக இருக்கட்டும். யூ.பி.வி.சி. என்றால் வெப்ப நாட்டு வெயிலுக்கென்று செய்த வெள்ளை வகை, உள்ளே நாகம் பூசிய இரும்புடன். குளிர் நாட்டுக்குச் செய்தது இங்கே மஞ்சளாகி நொறுங்கும். திருகாணிகள் 316 தரத் துருவேறா உருக்கு. தீவகத்திலும் பருத்தித்துறைக் கரையிலும் சாதாரண நாகம் பூசிய திருகாணி போட்டால் முதலில் துரு வடிவது அதிலிருந்துதான்.

முழுக்கத் திறக்காத பெரிய கண்ணாடிச் சுவர் வேண்டாம். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்கக் கூடாது. ஒவ்வொரு அறையிலும் சோளகம் வரும் தென்மேற்குப் பக்கத்திலும் அதற்கு எதிர்ப்பக்கத்திலும் திறக்கும் யன்னல், நுளம்பு வலையோடு, இருக்கட்டும்.

அளவெடுப்பு, இறக்குதல், பொருத்துதல்

டெம்பர்ட் கண்ணாடியை ஒரு மில்லிமீற்றர்கூட வெட்டவோ தேய்க்கவோ முடியாது. ஆகையால் சாந்து பூசி, சட்டம் நிறுத்திய பிறகே அளவெடுங்கள். அகலம் மேல், நடு, கீழ் என்று மூன்று. உயரம் இடம், நடு, வலம் என்று மூன்று. இரண்டு மூலைவிட்டம். எல்லாம் மில்லிமீற்றரில். சிறிய எண்ணை எடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 மி.மீ. கழியுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் கண்ணாடி அளவை மாற்றாமல் சட்டத்தை நேராக்குங்கள்.

ஏ9 வீதியால் லொறியில் வரும் கண்ணாடி நிமிர்ந்து, சரிவுச் சட்டத்தில் சாய்ந்து வர வேண்டும். படுக்க வைத்து வந்ததை அப்படியே ஏற்காதீர்கள். இறக்கும்போதே ஓரச் சில்லு, மூலை உடைவு, சீலில் இடைவெளி, உள்ளே தூசி, கைரேகை என்று பாருங்கள். லைற்றர் சோதனையையும் அப்போதே செய்யுங்கள். வெளிமுகத்தில் கையெழுத்துப் பேனாவால் "வெளி" என்று எழுதிய ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டிவிட்டால் பொருத்துபவர் புறம் மாற்றி வைக்கமாட்டார்.

பொருத்தும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் அடிச்சட்டத்தில். கண்ணாடி நேரே அலுமினியத்தில் உட்காரக் கூடாது. அகலத்தின் காற்பங்கு தள்ளி இரு பக்கமும் ஒவ்வொரு கடின றபர் கட்டை, ஏறக்குறைய 100 மி.மீ. நீளம், இரண்டு அடுக்குக் கண்ணாடியையும் தாங்கும் அகலத்தில். உள்கண்ணாடி மட்டும் கட்டையில் இருந்து வெளிக்கண்ணாடி தொங்கினால் சீல் கிழியும். அடிச்சட்டத்தில் நீர் வடியும் துவாரம் குறைந்தது இரண்டு. கட்டை அந்தத் துவாரத்தை அடைக்கக் கூடாது. அடிச்சட்டத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஓரம் ஊறிக் கிடந்தால் எந்த நல்ல சீலும் பழுதாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை நமக்குக் கிடைக்கும் மழையை நினைத்து இதைச் செய்யுங்கள்.

சிலிக்கன் வாங்கும்போது மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அதை இங்கே பாவிக்கக் கூடாது. அந்த அமிலம் அலகின் ஓரச் சீலையும் லமினேட்டட் கண்ணாடியின் ஓரத்தையும் கெடுக்கும், சீமெந்திலும் சரியாக ஒட்டாது. "நியூட்ரல்" என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள், ஒரு சில ரூபாய் கூடினாலும்.

மேசன்மார் மிச்ச வேலை செய்யும்போது கண்ணாடியைப் பொலித்தீனால் மூடுங்கள். சீமெந்துத் தண்ணீர் கண்ணாடியில் காய்ந்தால் காரம் கண்ணாடியையே அரித்துவிடும். பிளேட்டால் சுரண்டினால் கீறல் மிஞ்சும்.

ஏற்கெனவே உள்ள வீட்டுக்கு

சட்டத்தை மாற்ற வசதியில்லாதவர்கள் வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டலாம். நல்ல பிலிம் 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி.யை 0.82 இலிருந்து பாதி அளவுக்குக் கொண்டுவரும். தாளில் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். "99 வீதம் தடுக்கும்" என்று சொன்னால் அது புற ஊதாக் கதிரைப் பற்றிய எண், வெக்கையைப் பற்றியதல்ல. ஏற்கெனவே இரட்டைக் கண்ணாடி இருந்தால் உட்பக்கம் இருண்ட பிலிம் ஒட்டாதீர்கள். உட்கண்ணாடி அளவு மீறிச் சூடாகி வெடிக்கலாம், சீலும் கெடும்.

செலவு மீளுமா

மூன்று விலை கேளுங்கள்: ஒற்றைக் கண்ணாடியும் வெளித் தட்டியும், ஒற்றைக் கண்ணாடியும் பிலிமும், லோ-ஈ இரட்டைக் கண்ணாடி. சட்டத்தின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள், கண்ணாடி சதுர அடி விலை மட்டும் ஏமாற்றும். பிறகு இந்தக் கணக்கு: நம் யன்னலில் லோ-ஈ உச்ச நேரத்தில் 540 வாற்றுக் குறைக்கிறது. பின்னேரம் முழுவதும் சேர்த்தால் ஒன்றரை அலகு (மின்பில்லில் வரும் அலகு, கிலோவாற்று மணி) வெப்பம். ஏசி ஓரலகு மின்சாரத்தில் மூன்றலகு வெப்பம் வெளியேற்றும் என்று கொண்டால், மிச்சம் நாளுக்கு அரை அலகு, மாதத்துக்கு 15 அலகு. மேற்கில் நாலு யன்னல் என்றால் 60. வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூட ஏறுவதால், உங்கள் பில்லின் கடைசிப் படியிலுள்ள விலையால் பெருக்குங்கள். ஏசி பகலில் ஓடாத வீட்டில் இந்த மிச்சமே இல்லை, அதை மறைத்துக் கணக்குக் காட்டுபவரை நம்பாதீர்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கீழ்த்தள வீடுகள் பெரும்பாலானவற்றுக்குத் தட்டியும் பந்தலும் வெல்லும், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாடி அறைகளுக்கும் லோ-ஈ வெல்லும்.

போட்ட பிறகு

ஏசியைக் கடுமையாகக் குளிர வைத்தால் ஒற்றைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படிவது இங்கே வழமை. வெளிக்காற்றில் ஈரம் அவ்வளவு. நல்ல இரட்டைக் கண்ணாடியில் அது குறையும். வெளிமுகத்தில் எப்போதாவது படிந்தால் பழுதில்லை, துடைத்தால் போகும். இரண்டுக்கும் இடையே படிந்தால் சீல் போய்விட்டது.

நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. தோட்டத்துக்கு அடிக்கும் தண்ணீர் கண்ணாடியில் தெறித்துக் காய்ந்தால் வெள்ளைப் படை பிடிக்கும், வெயிலில் அது இறுகிவிடும். தூறல் குழாயைத் திருப்பி வையுங்கள். பிடித்துவிட்டால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினாகிரியால் கண்ணாடியை மட்டும் துடைத்து, மழைத்தண்ணீரால் கழுவுங்கள். கடற்கரைப் பக்கமென்றால் மாதம் ஒருமுறை சட்டத்தையும் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை எடுக்க வேண்டும். வடி துவாரங்களில் சோளகத்தோடு வந்த மண் அடைத்திருந்தால் ஈர்க்குக் குச்சியால் குத்தி எடுங்கள், மாரி தொடங்க முன்னர்.

அலகின் ஸ்பேசர் பட்டியில் செய்தவர் குறியும் திகதியும் அச்சிட்டிருந்தால் போனில் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். இடையில் பனி படிந்தால் உத்தரவாதம் கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் திகதிதான்.